சங்கு நமது, வளையல் யாருடையது?

டில்லி ஒரு புதுப் பேச்சைத் தொடங்கியிருக்கிறது. நமக்கென்று ஒரு வரைகலைச் சில்லு வேண்டும், அதை நாமே செய்வோம், மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் செய்து முடிப்போம் என்று 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒன்றிய அமைச்சர் அசுவினி வைஷ்ணவ் அறிவித்தார். நல்ல பேச்சு. வரவேற்கிறோம். ஆனால் தோழர்களே, நல்ல பேச்சுகள் பலவற்றைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் நாம். ஆகவே கை தட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவது நம் வழக்கம். பணம் யாருடையது? பாடுபடுபவர் யார்? பலன் யாருக்கு?

“வரைகலைச் சில்லா? வலை இழுப்பவனுக்கும், உப்பளத்தில் வேகுபவனுக்கும், ஆலையில் நிற்பவனுக்கும் அது எதற்கு?” என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டியதுதான். இது படித்தவர்கள் சங்கதி, நமக்கெதற்கு என்று பாட்டாளி ஒதுங்கிய போதெல்லாம் பறிபோனது பாட்டாளியின் பங்குதான். ஆகவே அது என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

தனுஷ்கோடிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்த தோழர்களுக்கு இதைச் சொல்வது எளிது. வலைக்குத் தலைமை தாங்குபவர் ஒருவர். காற்றைப் பார்ப்பார், நீரோட்டத்தைப் பார்ப்பார், மீன் கூட்டம் எங்கே என்று பார்ப்பார், வலையை எங்கே வளைப்பது என்று முடிவு செய்வார். கரையில் கயிற்றைப் பிடித்து நிற்போர் பலர். அவர்களில் ஒவ்வொருவரும் செய்வது ஒரே வேலை. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் செய்கிறார்கள். தலைவர் ஒருவரே நின்று நாள் முழுதும் இழுத்தாலும் வலை வராது. பலர் சேர்ந்து இழுத்தால் வந்துவிடும்.

கணிப்பொறிக்குள்ளும் இந்த இரு வகை உழைப்பு உண்டு. யோசித்து முடிவு செய்யும் மையச் சில்லு, தலைவரைப் போன்றது. ஒரே கணக்கை ஆயிரம் கைகளால் ஒரே நேரத்தில் போடும் சில்லு, கயிறு இழுக்கும் கூட்டத்தைப் போன்றது. அந்தக் கூட்டத்துக்குத்தான் வரைகலைச் சில்லு என்று பெயர். ஜி.பி.யு. என்பார்கள் படித்தவர்கள். திரையில் படம் வரையப் பிறந்தது அது. சாதாரணத் திரை ஒன்றில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள், 20 லட்சத்துக்கு மேல். வினாடிக்கு 60 முறை அத்தனை புள்ளிக்கும் நிறம் கொடுக்க வேண்டும். அதாவது வினாடிக்கு 12 கோடி புள்ளிகளுக்கு மேல்! ஒருவர் செய்யும் வேலையா அது? கூட்டம் செய்யும் வேலை.

கூட்டத்தின் ஆற்றலைக் கண்ட பிறகு உலகம் அதைப் படம் வரைவதோடு விடவில்லை. புயல் எங்கே கரை கடக்கும் என்று கணிக்க அதுவே உதவுகிறது. மருந்து கண்டுபிடிக்க அதுவே. செயற்கை நுண்ணறிவு என்று இன்று ஊரெங்கும் பேசுகிறார்களே, அதற்கும் அதுவே அடுப்பு, அதுவே விறகு. இராமேசுவரத்துப் படகில் இருக்கும் சிறு திரையிலும் அதன் தம்பி ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். நடுக்கடலில் எல்லைக் கோடு எங்கே என்று மீனவருக்குக் காட்டுவது அந்தத் திரைதான். 1974இலும் 1976இலும் நம்மைக் கேளாமல் கடலில் போட்ட கோடு அது. கோடு தப்பினால் படகு பறிபோகும், ஆள் சிறைக்குப் போவார். அந்தத் திரைக்குள் என்ன இருக்கிறது, யார் செய்தது, பழுதானால் யார் திறப்பது என்று கேட்கும் உரிமை நம் மீனவருக்கு இல்லையா?

“கடையில் கிடைக்கிறதே, வாங்கிக்கொண்டால் போகிறது” என்பார் சிலர். கடைக்காரன் கதவைச் சாத்தினால்?

கற்பனை பேசவில்லை, நடந்ததைப் பேசுகிறோம். 2025 சனவரி 13ஆம் நாள் அமெரிக்க அரசு ஒரு விதியை வெளியிட்டது. உலக நாடுகளை அது தரம் பிரித்தது. தனக்கு நெருங்கிய 18 நாடுகளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் உயர்தர வரைகலைச் சில்லுகளைத் தருவோம், மற்றவர்களுக்கு அளவு வைத்துத்தான் தருவோம் என்றது. அந்த மற்றவர்கள் வரிசையில் நின்றது இந்தியா! அதே ஆண்டு மே மாதத்தில், நடைமுறைக்கு வருமுன்பே, விதி திரும்பப் பெறப்பட்டது. போட்டதும் அவர்கள், எடுத்ததும் அவர்கள். இரண்டு வேளையும் நம்மை யாரும் கேட்கவில்லை. எடுத்துவிட்டார்களே என்று மகிழ்வதா, மீண்டும் போட்டால் என்ன செய்வது என்று எண்ணுவதா? எண்ணுகிறவனே பிழைப்பான்.

இது முதல் முறையும் அல்ல. 1980களில் க்ரே என்னும் அதிவேகக் கணிப்பொறியை இந்தியா விலைக்குக் கேட்டது. கேட்டதைத் தர அமெரிக்கா மறுத்தது. வானிலை ஆய்வுக்கு மட்டும் அதைவிடச் சிறியது ஒன்றை, ஆயிரம் நிபந்தனைகளோடு தந்தது. அந்த மறுப்பு நமக்கு நன்மையாகவே முடிந்தது. 1988இல் சி-டாக் என்ற நிறுவனம் தோன்றியது, 1991இல் பரம் 8000 என்ற கணிப்பொறி நம் கைகளால் வந்தது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியதை மறவாத கரை இது. புயல் கணக்குப் போடும் எந்திரத்துக்கு ஒரு நாடு பிறர் வாசலில் நிற்க நேர்ந்தால் அதன் விலை என்ன என்பதை இந்தக் கரைக்கு எவரும் பாடம் நடத்த வேண்டாம்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். பணம் யாருடையது?

நம்முடையது. 2024 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுக்கென்று டில்லி சர்க்கார் 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. அந்தத் திட்டத்தின் கீழ் 38,000 வரைகலைச் சில்லுகளைத் திரட்டிவிட்டோம், ஆய்வாளர்களுக்கு மணிக்கு 65 ரூபாய் என்ற மலிவு வாடகைக்குத் தருகிறோம் என்று 2025இல் பெருமை பேசினார்கள். வாடகைக்குத் தருவது நல்லதே. ஆனால் அத்தனை ஆயிரத்தில் நாம் வரைந்த சில்லு எத்தனை? ஒன்றும் இல்லை. எல்லாம் என்விடியா போன்ற வெளிநாட்டுக் குழுமங்களின் உடைமை. தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் நீங்கள் கொடுத்த வரி, மானியம் என்ற பெயரில் கப்பலேறுகிறது.

இரண்டாவது கேள்வி. பாடுபடுபவர் யார்?

அதுவும் நம்மவரே! உலகத்தில் சில்லு வடிவமைக்கும் பொறியாளர்களில் ஐந்தில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார் என்று டில்லியே மேடைதோறும் சொல்கிறது. அவர்களில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்த பிள்ளைகள் கொஞ்சமா? கல்விக் கடன் வாங்கிப் படித்த பிள்ளை, பெங்களூரிலோ ஐதராபாத்திலோ குளிர் அறையில் உட்கார்ந்து சில்லின் வயிற்றை வரைகிறான். கூலி அவனுக்கு, குறைவில்லாத கூலி. உடைமை யாருக்கு? வரைந்து முடித்த தாள் கலிபோர்னியாவுக்குப் போகிறது. அது சில்லாகத் திரும்பி வரும்போது, வரைந்தவனே விலை கொடுத்து வாங்க வேண்டும்.

இந்தக் காட்சியைக் கீழக்கரை நன்றாக அறியும். மன்னார் வளைகுடாவின் அடியில் மூச்சடக்கி மூழ்கிச் சங்கு எடுப்பவர் நம்மவர். காலங்காலமாக அந்தச் சங்கு மூட்டை மூட்டையாக வங்காளத்துக்குப் போனது. அங்கே அறுத்தார்கள், இழைத்தார்கள், வளையலாக்கினார்கள். வளையலின் விலை அங்கே, சங்கின் கூலி இங்கே. நமக்கு அறுக்கத் தெரியாதா? தெரியும்! இதே மாவட்டத்து அழகன்குளத்தில் மண்ணைத் தோண்டியபோது சங்கு வளையல் துண்டுகள் கிடைத்தன. கொற்கையில் தோண்டியபோது அறுத்த சங்குகள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறுக்கத் தெரிந்திருந்தது. கைத்திறன் இருந்தும் தொழில் கைவிட்டுப் போனது. மூழ்குவது மட்டும் மிஞ்சியது. சில்லுத் தொழிலிலும் நம் பிள்ளைகள் மூழ்கி எடுப்பவர்களாகவே நிற்க வேண்டுமா என்பதே இன்றைய கேள்வி.

மூன்றாவது கேள்விதான் முதுகெலும்பு. பலன் யாருக்கு? நாளை நம் பணத்தில், நம் பிள்ளைகள் ஒரு வரைகலைச் சில்லை வரைந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வரைபடம் யாருக்குச் சொந்தம்?

2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாயில் சில்லுத் தொழிலுக்கு ஒரு பெருந்திட்டம் போட்டார்கள். ஆலை கட்ட வருவோருக்குச் செலவில் பாதியைச் சர்க்காரே ஏற்கும் என்றார்கள். குஜராத்தின் தோலேராவில் டாட்டா ஆலைக்கு 91,000 கோடி ரூபாய்த் திட்டம், பாதி டில்லியின் பணம். வடிவமைப்பவருக்கு என்ன? அங்கேயும் செலவில் பாதிதான், ஆனால் விண்ணப்பம் ஒன்றுக்கு 15 கோடியைத் தாண்டக்கூடாது. கல்லுக்கும் சுவருக்கும் ஆயிரக்கணக்கான கோடி, மூளைக்குப் பதினைந்து கோடி! அதையாவது மன்னிக்கலாம். அந்த உதவிக்கு வகுத்த விதியில் ஒரு வாசகம் பாருங்கள். உதவி பெற்ற நிறுவனம் மூன்று ஆண்டுகள் இந்தியருக்கு உரியதாக இருக்க வேண்டுமாம். மூன்று ஆண்டுகள்! நான்காவது ஆண்டு? வெளிநாட்டுச் சீமான் வந்து நிறுவனத்தை விலைக்கு வாங்கிக்கொண்டால்? வரைபடமும் போகும், வரைந்தவரும் போவார், மக்கள் கொடுத்த பணமும் போகும். மீண்டும் சங்கு மூட்டை!

இதற்கு மருந்து என்ன? வரைபடத்தை எவரும் விற்க முடியாத பொதுச் சொத்தாக்கிவிடுவதே மருந்து. ஆங்கிலத்தில் ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள், தமிழில் திறந்த மூலம் என்போம். சில்லின் வரைபடம் ஊரறிய வெளியிடப்படும். எவரும் படிக்கலாம், திருத்தலாம், அதை வைத்துச் செய்து விற்கலாம். ஆனால் எவரும் அதைப் பூட்டி வைத்து, இனி இது எனக்கு மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. வெளியிட்ட நிறுவனம் நாளை விலைபோனாலும், வெளியிட்ட வரைபடம் விலைபோகாது. ஊர்க் கிணற்றை எவர் வாங்க முடியும்?

இராமேசுவரம் பெற்ற அப்துல் கலாம் இதை அன்றே சொன்னார். 2003 மே மாதத்தில், குடியரசுத் தலைவராக இருந்தபோது, புனேயில் ஒரு கல்வி நிறுவனத்தில் பேசினார். மைக்ரோசாப்ட் அதிபர் பில் கேட்சைச் சந்தித்ததையும், இந்த விஷயத்தில் இருவர் கருத்தும் வேறுபட்டதையும் எடுத்துச் சொல்லி, இந்தியா பூட்டிய மென்பொருளை நம்பிக்கிடப்பது வருந்தத்தக்கது, கோடானுகோடி மக்களின் நன்மைக்குத் திறந்த மூல மென்பொருளே இங்கே வேரூன்ற வேண்டும் என்றார். படகுக்காரர் வீட்டுப் பிள்ளை சொன்ன சொல் அது. அவர் படத்தை மாட்டி மாலை போடுவோர் பலர். சொல்லைச் செயலாக்கியோர் எத்தனை பேர்?

ஒரு கூட்டம் செயலாக்கிக் காட்டியது, அதுவும் நம் சென்னையில். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் ரிஸ்க்-ஃபைவ் என்ற ஏற்பாடு பிறந்தது. சில்லுக்கு நாம் இடும் கட்டளைகளின் அரிச்சுவடி அது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அந்த அரிச்சுவடியை எடுத்துக்கொண்டு, பேராசிரியர் காமகோடியின் தலைமையில் சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி என்ற சில்லுத் திட்டம் எழுந்தது. வரைபடங்களைத் திறந்தே வெளியிட்டார்கள். 2018இல் முதல் சில்லு அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் உருவானது. அதே ஆண்டில் அடுத்தது, சண்டிகரை ஒட்டிய அரசுச் சில்லு ஆய்வகத்திலேயே உருவானது. 2020இல் மூஷிக் வந்தது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுக்கென ஐரிஸ் அறிவிக்கப்பட்டது. வரைந்தது சென்னை, உருவாக்கியது சண்டிகர், பலகையில் பொருத்தியது மீண்டும் சென்னை. முடியாது என்றவர்கள் எங்கே?

ஆனால் ஏமாறக்கூடாது. சக்தி மையச் சில்லு, தலைவரைப் போன்றது. கயிறு இழுக்கும் கூட்டமாகிய வரைகலைச் சில்லு இன்னும் பெரிய வேலை. உலகத்தில் பலர் அதைத் திறந்த மூலமாகச் செய்ய முயன்று பாதி வழியில் நின்றிருக்கிறார்கள். எங்கே நின்றார்கள் என்று பார்த்தால்தான், நாம் எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது தெரியும்.

2004இல் அமெரிக்காவில் திமோத்தி மில்லர் என்ற பொறியாளர் ஓப்பன் கிராபிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஆர்வலர்கள் கூடினார்கள். அவர்களது வழி இது: முதலில் வரைபடத்தை மாற்றி மாற்றிச் சோதிக்கத்தக்க பலகை ஒன்றைச் செய்வோம், அதை விற்ற காசைச் சேர்த்துச் சில்லு செய்வோம். பலகை வந்தது. விலை ஆயிரம் டாலருக்கு மேல். வாங்கியோர் சிலரே. காசு சேரவில்லை, சில்லு வரவில்லை. அறிவு இருந்தது, அன்பு இருந்தது, மடியில் மட்டும் ஒன்றும் இல்லை.

அடுத்து லிப்ரே-எஸ்.ஓ.சி. என்ற முயற்சி. லூக் லெய்ட்டன் என்பவர் முன்னின்றார். நெதர்லாந்தின் என்.எல்.நெட் அறக்கட்டளை 50,000 யூரோ வரையிலான நல்கைகளாகக் கொடுத்து உதவியது. 2021இல் ஒரு சோதனைச் சில்லு தைவான் ஆலைக்குப் போனது. அதுவே பெரிய சாதனை. ஆனால் அது மையச் சில்லின் சோதனைதான். கனவு கண்ட வரைகலைச் சில்லு சந்தைக்கு வரவில்லை. துண்டு துண்டாக வரும் பணம் துண்டு துண்டாகத்தான் வேலை வாங்கும்.

பல்கலைக்கழகங்களும் முயன்றன. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பேராசிரியர் கார்த்திகேயன் சங்கரலிங்கத்தின் குழு 2015இல் மியாவ் என்ற திறந்த வரைபடத்தை வெளியிட்டது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் அதே ரிஸ்க்-ஃபைவ் அரிச்சுவடியில் வோர்டெக்ஸ் என்ற வரைபடத்தை வெளியிட்டார்கள். இவை விதைகள். பேராசிரியரின் மாணவர் பட்டம் பெற்றுப் போனபின் விதைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? அதுதான் இன்னும் விடியாத கேள்வி.

நம் டில்லி என்ன செய்தது? 2020 ஆகஸ்டில் சுதேசி நுண்செயலிப் போட்டி நடத்தியது. சக்தியையும், சி-டாக்கின் வேகாவையும் வைத்து எதையாவது செய்து காட்டுங்கள், மொத்தம் 4.30 கோடி ரூபாய் உதவி என்றது. இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஓடிவந்தார்கள். ஆர்வம் எவ்வளவு கொதித்துக் கிடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் போட்டி நடத்தி ஓட்டக்காரனைக் கண்டுபிடிக்கலாம், ஐந்தாண்டு உழவுக்குப் பரிசுக் கோப்பை சோறு போடாது.

எனவே திட்டம் எப்படி அமைய வேண்டும்? குறை சொல்லிவிட்டுக் கைகழுவ நாம் எழுதவில்லை. நமது எண்ணத்தை வரிசையாக வைக்கிறோம்.

முதலாவது, படிப்படியாக ஏறுவது. முதல் நாளே என்விடியாவை வீழ்த்துவோம் என்று மார்தட்டுவது சந்தைக் கூச்சல். முதலில் வரைபடம். அதை, மாற்றி எழுதத்தக்க சோதனைச் சில்லில் ஓட்டிப் பார்த்துப் பிழை களைவது இரண்டாம் படி. சண்டிகர் அருகே உள்ள அரசு ஆய்வகத்தில் சிறு சில்லாகச் செய்து பார்ப்பது மூன்றாம் படி. அந்த ஆய்வகம் 1984இல் உற்பத்தி தொடங்கி, 1989இல் தீப்பிடித்து எரிந்து, மீண்டு எழுந்த இடம். அங்கே செய்வது 180 நானோமீட்டர் அளவில், பழைய அளவுதான். பெரிய கணக்குப் போடும் சில்லுக்கு அது போதாது. சிறு திரைக்கு உழைக்கும் சில்லைப் பழக அது போதும். பழகிய பின்னரே பெரும்பணம் கேட்கும் நான்காம் படிக்கு, நுண்ணிய அளவில் அச்சிடும் வெளிநாட்டு ஆலைக்குப் போவது. ஒவ்வொரு படியிலும் நின்று, கணக்குப் பார்த்து, அடுத்த படிக்குப் பணம் விடுவது.

இரண்டாவது, ஆளுக்குச் சம்பளம். ஐம்பது பொறியாளர்கள் என்று வையுங்கள். கருவி, மென்பொருள் உள்பட ஆளுக்கு ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் என்று தாராளமாகவே வையுங்கள். ஆண்டுக்கு 15 கோடி, ஐந்தாண்டுக்கு 75 கோடி. தமிழ்நாடு அரசு 2025இல் தன் சில்லுத் தொழில் இயக்கத்துக்கு ஐந்தாண்டுக்கு 500 கோடி ரூபாய் என்று அறிவித்தது. அதில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதல். மலையைப் பெயர்க்கச் சொல்லவில்லை, மடியில் உள்ளதைக் கணக்காகப் பிரிக்கச் சொல்கிறோம்.

மூன்றாவது, சில்லோடு மென்பொருளும். என்விடியாவின் கோட்டை சில்லில் மட்டும் இல்லை. 2007 முதல் குடா என்ற மென்பொருளை உலகப் பல்கலைக்கழகங்களில் எல்லாம் பழக்கி, பொறியாளர்களின் கையை அதற்கே பழக்கிவிட்டார்கள். சில்லைச் செய்து வைத்துவிட்டு அதோடு பேச மொழி இல்லையென்றால், அது ஊமைக்குக் கட்டிய மேடை. ஐம்பது பேரில் பாதிப்பேர் மென்பொருளுக்கு இருக்க வேண்டும்.

நான்காவது, வாங்குபவர் உறுதி. ஓப்பன் கிராபிக்ஸ் வீழ்ந்தது வாங்குபவர் இல்லாமல்தானே? அரசை விடப் பெரிய வாங்குபவர் யார்? மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு லட்சம் தொடர்புக் கருவிகள் இலவசமாகத் தருகிறோம், 364 கோடி ரூபாய் என்று 2024 ஆகஸ்டில் தொடங்கி வைத்தார்கள். ஒரே உத்தரவில் ஒரு லட்சம் கருவி! நியாயவிலைக் கடைக் கருவியின் திரை, பேருந்தின் ஊர்ப் பலகை, பள்ளியின் திரை, படகின் திரை, இவை எல்லாம் சிறு சில்லுக்கு ஏற்ற வேலைகள். இத்தனை ஆயிரம் நாங்கள் வாங்குவோம், தரத்தில் தேறினால் மட்டும் என்று அரசு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், போட்ட பணம் சுற்றி வரும்.

ஐந்தாவது, எல்லாவற்றுக்கும் மேலானது. மக்கள் பணம் ஒரு ரூபாய் சேர்ந்தாலும் வரைபடம் மக்களுக்கு. திட்டம் தொடங்கும் நாளிலேயே இது எழுத்தில் ஏற வேண்டும், முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும். “திறந்து வைத்தால் பிறநாட்டான் எடுத்துக்கொள்வானே?” எடுத்துக்கொள்ளட்டும்! அவன் எடுத்தால் நம்மிடம் குறைவதில்லை. அவன் திருத்தி வெளியிட்டால் அந்தத் திருத்தமும் நமக்குப் பயன்படும். ரிஸ்க்-ஃபைவை அமெரிக்கர் திறந்து வைத்தார்கள், நாம் எடுத்துக்கொண்டோம், சக்தி பிறந்தது. அமெரிக்கர் எதை இழந்தார்கள்? வாங்கும்போது இனித்தது, கொடுக்கும்போது கசக்குமா?

இன்னோர் எதிர்ப்பு. “நாம் செய்து முடிக்கும்போது அவன் பத்துப் படி மேலே போயிருப்பான்.” போயிருப்பான், மறுக்கவில்லை. அவனுடைய உயர்ந்த சில்லை ஐந்தாண்டில் எட்டிவிடுவோம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் படகின் திரைக்கும் பள்ளியின் திரைக்கும் உயர்ந்த சில்லு தேவையில்லை. கைக்கு எட்டிய படியில் கால் வைத்தால்தான் அடுத்த படி கைக்கு எட்டும். கைத்திறனைக் காப்பாற்றி வைத்திருந்தால் கதவு சாத்தப்படும் நாளில் கலங்க வேண்டியதில்லை. 1991இல் பரம் அதைத்தான் காட்டியது.

இந்த வேலை சென்னையோடு நிற்கவும் கூடாது. இராமநாதபுரத்தைப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில், ‘முன்னேறத் துடிக்கும் மாவட்டம்’ என்ற அழகுப் பெயரில், 2018இல் டில்லி சேர்த்தது. துடிப்பது உண்மை, கை கொடுப்பவர் யார்? அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இந்த மாவட்டத்தில் இருக்கிறது. சில்லு வரைய ஆலை வேண்டாம், ஆறு வேண்டாம், துறைமுகம் வேண்டாம். கணிப்பொறி, மின்சாரம், சொல்லிக்கொடுக்க ஆசிரியர், இவை போதும். வரைபடம் திறந்து கிடந்தால், தங்கச்சிமடத்து மாணவி அதைப் பிரித்துப் படிக்கலாம், பிழை கண்டுபிடிக்கலாம், திருத்தி அனுப்பலாம். பூட்டிய சில்லில் அவளுக்கு என்ன வேலை? மூடிக்கு மேலே உள்ள பெயரைப் படிக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே தோழர்களே, படிப்பகங்களில் இதைப் பேசுங்கள். தெருமுனைக் கூட்டங்களில் இதைக் கேளுங்கள். உங்கள் ஊருக்கு வரும் நாடாளுமன்ற உறுப்பினரை, சட்டமன்ற உறுப்பினரை, கட்சி பாராமல் கேளுங்கள். எத்தனை கோடி ஒதுக்கினீர்கள் என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள், கோடிகளைச் சொல்லிக் கண்ணைக் கட்டுவது அவர்களுக்கு எளிது. எத்தனை பேருக்கு எத்தனை ஆண்டு சம்பளம், விளைந்ததை வாங்குபவர் யார், வரைபடம் யார் பெயரில் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் விடை இல்லாத திட்டம், எவ்வளவு பெரிய தொகையைச் சுமந்து வந்தாலும், இன்னொரு சங்கு மூட்டைதான்.

கரைவலைக்கு ஒரு நியாயம் உண்டு. மீன் கரைக்கு வந்தபின் பங்குச் சண்டை போடுவதில்லை. செலவு போக வலைக்கு எவ்வளவு, கயிறு பிடித்தவருக்கு எவ்வளவு என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த கணக்கு. சில்லுத் திட்டத்துக்கும் அந்த நியாயம் வேண்டும். கயிறு நம் கையில் இருக்கிறது, வலையும் நம் பணத்தில் வாங்கியது. இழுக்கத் தொடங்குமுன் பங்கைப் பேசி முடிப்போம்.